திரும்பி வந்தால்தான் நம்முடையது

மேடையில் அமர்ந்திருக்கும் தலைமை மருத்துவர் அவர்களே, செவிலியர் கண்காணிப்பாளர் அவர்களே, வேலைக்கு நடுவே சீருடையோடு ஓடி வந்திருக்கும் தோழர்களே, முன்வரிசையில் எங்கேயோ பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் எங்கள் அண்ணி அவர்களே, அனைவருக்கும் வணக்கம்.

நம் மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவர், நாமெல்லாம் 'கேக்குதா சார்' என்று அழைத்த பெருந்தகை, மறைந்துவிட்டார். இதைச் சொல்லத்தான் என்னை எழுப்பிவிட்டிருக்கிறார்கள். சொல்லிவிட்டேன். சொன்ன பிறகும் எனக்குள் ஒன்றும் நடக்கவில்லை. இரங்கல் கூட்டத்தில் பேசுகிறவனுக்குக் குரல் தழுதழுக்க வேண்டும். எனக்கு மரத்துப்போய்க் கிடக்கிறது. இன்று காலை பிரிண்டர் மக்கர் செய்தபோதுகூடக் கை தானாக அவருடைய எண்ணைத்தான் அழுத்தியது.

சர்வர் அறையின் இரைச்சலில் நின்றபடி போனை எடுத்ததும் அவர் கேட்கும் முதல் வார்த்தை, "கேக்குதா?" அந்தப் பெயரை வைத்தது யார்? நாம்தான். கோபித்தாரா? ஒருநாளும் இல்லை!

அவர் வேலை என்ன? நாம் கணினியில் ஏற்றும் நோயாளிகளின் விவரங்களுக்கெல்லாம் தினமும் சர்வரில் ஒரு நகல் எடுத்து வைப்பது. பேக்கப்! ஒருமுறை புது சாஃப்ட்வேர் போட வந்த நிறுவனத்தார், வார்டுக் கணினிகளில் புது வெர்ஷனை ஏற்றிவிட்டு சர்வரைப் பழையதாகவே விட்டுப்போனார்கள். தினமும் திரையில் பச்சை விளக்கு, 'பேக்கப் முடிந்தது' என்று. எல்லாருக்கும் திருப்தி. இவர் மட்டும் ஒரு கோப்பைத் திரும்ப எடுத்துத் திறந்தார். உள்ளே காலி! புதியது அனுப்பியது பழையதற்குப் புரியவில்லை. வாங்கிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டியிருக்கிறது.

"சார், அதான் பச்சை வந்துடுச்சே?" என்று மழுப்பினார் வந்த இன்ஜினியர்.

"பச்சை வந்தாப் போதுமாப்பா? திரும்பி வந்தாத்தான் அது நம்மளுது. முதல்ல சர்வரைப் புதுசாக்கு. அப்புறம் வார்டு வார்டாப் போ."

அன்று அவர் அதைத் திறக்காமல் விட்டிருந்தால்? நினைத்துப் பாருங்கள்!

சாரின் துணைவியாரான நம் அண்ணி அடிக்கடி சொல்வார்கள், "வீட்டைப் பூட்டிட்டு மறுபடி திறந்து பாப்பாரு. பூட்டினாப் போதாதாம், திறக்குதான்னும் பாக்கணுமாம். அதுக்குள்ள பஸ் போயிடும்!"

அண்மையில் மறுபடியும் ஒரு புது வெர்ஷன் வந்தது. இந்த முறையும் சர்வரைத்தான் முதலில் புதிதாக்கினார். ஆய்வகக் கணினி ஒன்றுதான் பாக்கி. அதற்குள் அந்த நெஞ்சுவலி. அவரை வழியனுப்பிவிட்டு வந்து பார்த்தால், ஆய்வகத்தின் பழைய வெர்ஷனைப் புது சர்வர் வாசலிலேயே மறித்து நிறுத்தியிருக்கிறது. ரத்தப் பரிசோதனை முடிவுகள் எதற்கும் புது நகல் இல்லை. ஆய்வகக் கணினியின் டிஸ்க் படுத்துவிட்டால் அத்தனையும் போச்சு. நேராகப் புது வெர்ஷனுக்குத் தாவவும் அந்தக் கணினி மறுத்தது. கடைசியில், இடைப்பட்ட வெர்ஷன் ஒன்றைத் தேடிப்பிடித்து முதலில் ஏற்றினோம். பிறகுதான் புதியதை அது ஏற்றுக்கொண்டது. பேக்கப் ஓடியது. பச்சை விளக்கும் வந்தது.

யாரும் கைதட்டவில்லை. "திறந்து பாருங்க" என்றார் ஆய்வகத்து அக்கா.

சோதிப்பதற்கென்றே ஒவ்வொரு கணினியிலும் அவர் ஒரு சின்ன ஒலிக்கோப்பைப் போட்டு வைத்திருப்பார். நேற்று அதைத்தான் சர்வரிலிருந்து திரும்ப எடுத்து ஓட்டினோம்.

"கேக்குதா?"

அவர் குரல். "கேக்குது சார், சொல்லுங்க" என்றார் அக்கா, பழக்க தோஷத்தில். கோப்பு அத்தோடு முடிந்துவிட்டது.

ஐயா, எங்கள் கேக்குதா சாரே! இந்த அவையின் முன் உறுதி சொல்கிறோம். தினமும் ஒரு கோப்பையாவது திரும்ப எடுத்துப் பார்ப்போம். திறந்து பார்க்காத எதையும் நம்ப மாட்டோம். உங்கள் நாற்காலிக்கு யார் வந்தாலும் முதல் பாடம் இதுதான்.

அண்ணி, அவர் குரல் பத்திரமாக இருக்கிறது. பச்சை விளக்கைப் பார்த்துவிட்டுச் சொல்லவில்லை. திறந்து, கேட்டுவிட்டுத்தான் சொல்கிறேன்.