பெடியள் என்றால் யார்?

ஓடுகிறோம். எறிகணை கூவிக்கொண்டு வருகிறது. கூவல் நின்றால் தலைக்கு மேலே என்று அர்த்தம்.

நின்றது.

"அம்மா, படுங்கோ! அக்கா, படு!"

கத்தியது தம்பி நேசன். படுத்தேன். வாயெல்லாம் மண். எழும்பிப் பார்த்தேன். அம்மா எழும்பவில்லை. முள்ளிவாய்க்கால் மணலைக் கையால் தோண்டிப் புதைத்தோம்.

அதற்குச் சில மாதம் முன்பு பெடியள் நேசனை வீட்டிலிருந்து இழுத்துப்போனார்கள். பெடியள் என்றால் பையன்கள்; ஆயுதம் தூக்கிய இயக்கத்தை நாங்கள் அப்படித்தான் சொல்வது. பதுங்குகுழி வெட்டவைத்தார்கள். கடைசிக் குழப்பத்தில் தப்பி எங்களிடம் ஓடிவந்தான். இழுத்துப்போனபோது வாசலில் நின்றவள் நான்.

சண்டை முடிந்தது. நான் கலியாணம் முடித்து டென்மார்க்குக்கு, பிரெடெரிசியாவுக்கு வந்தேன். அரசாங்க ராணுவமான ஆமி நேசனை விடவில்லை. இயக்கத்தில் இருந்தவன் என்று கூப்பிட்டுக் கூப்பிட்டு அடித்தார்கள். சில வருடம் கழித்து அவனும் இங்கே வந்து தஞ்சம் கேட்டான்.

முதல் விசாரணை. மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். "பெடியள் பிடிச்சுக்கொண்டு போனவங்கள்" என்றான் நேசன். அவருக்கு அந்தப் பொருள் தெரியாது. யாரோ பையன்கள் கூட்டிப்போனதாக டேனிஷில் ஏறியது. கடைசியில் வாசித்துக்காட்டினார்.

"பசங்க கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னீங்க. சரிதானே?"

"ஓம்." பசங்க என்றால் பெடியள் என்றே அவன் நினைத்தான்.

கையெழுத்து வாங்கினார்கள். தஞ்சம் தர மறுத்தார்கள்.

மேல்முறையீடு. பின்வரிசையில் இருக்கிறேன். மேல்முறையீட்டுச் சபையின் தலைவர் நேசனைப் பார்க்கவில்லை. கோப்பைப் பார்க்கிறார். இந்த முறை மொழிபெயர்ப்பாளர் யாழ்ப்பாணத்தவர்.

"அன்றைக்குப் பையன்கள் என்றீர்கள். இன்றைக்கு ஆயுத இயக்கம் என்கிறீர்கள். எது பொய்?"

"ரெண்டும் ஒண்டுதான் ஐயா."

மொழிபெயர்ப்பாளர் அதைச் சொன்னார். பிறகு தானாக விளக்கத் தொடங்கினார். தலைவர் கையை உயர்த்தினார். எனக்கு விளங்கும் அளவு டேனிஷ் தெரியும். "சொன்னதை மட்டும் மொழிபெயருங்கள்."

எங்கள் வழக்கறிஞர் என்னைக் காட்டினார். இவர் நேரில் பார்த்தவர், சாட்சி கேளுங்கள் என்றார். தேவையில்லை என்றார்கள்.

எழும்பிவிட்டேன். "நான் பார்த்தனான்! என்ரை கண்ணாலை பார்த்தனான்!"

ஒருவரும் அதை மொழிபெயர்க்கவில்லை. இருக்கச் சொன்னார்கள்.

முன்னுக்குப்பின் முரண். நம்பத்தகாதவர். மறுப்பு.

வழக்கறிஞர் நீதிமன்றம் போனார். ஒரு சொல்லை விளக்க விடவில்லை, சாட்சியைக் கேட்கவில்லை, இது நியாயமான விசாரணையா என்று கேட்டார். ஒருவரை நம்புவதும் நம்பாததும் சபையின் வேலை, அதில் கை வைக்கமாட்டோம் என்றது நீதிமன்றம். வாசித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள், நடைமுறையில் குறையில்லை என்றது. மிகவும் மரியாதையாகச் சொன்னார்கள். அந்த மரியாதையை நான் மன்னிக்கவில்லை.

நேசனை வைத்திருந்த முகாமிலிருந்து போன் வந்தது. வேலைக்குப் புறப்பட்டுக்கொண்டிருந்தேன். பின்னால் கதவு அடிபடும் சத்தம்.

"அக்கா, பொலிஸ் வந்திட்டினம். போறன்."

"போகாதை! வக்கீலுக்கு எடுக்கிறன், நில்லடா!"

துண்டிக்கப்பட்டது.

கட்டுநாயக்கா விமான நிலையத்தில் பெரியப்பா வாசலிலேயே காத்திருந்தார். நேசனைத் திருப்பி அனுப்பிய விமானத்தில் வந்த எல்லோரும் வெளியே வந்தார்கள். நேசன் வரவில்லை. உள்ளே போய்க் கேட்டார். அப்படி ஒருவர் வரவில்லை என்றார்கள். ஒப்படைத்துவிட்டோம் என்கிறது டென்மார்க். இன்றுவரை இரண்டு பதிலும் மாறவில்லை.

இழந்தவர்களைச் சொல்கிறேன்.

ஐயா, எங்கள் அப்பா. வலைஞர்மடத்தில் தண்ணீர் எடுக்கப் போனவர். எறிகணை.

அம்மா. முள்ளிவாய்க்கால். எறிகணை.

தம்பி நேசன். எறிகணைகளுக்கெல்லாம் தப்பியவன். அவனைக் கொண்டுபோய்க் கொடுத்தவர்கள் கோட்டும் சூட்டும் போட்டிருந்தார்கள். அவனுக்குத் திவசம் செய்ய எனக்கு ஒரு திதி கூட இல்லை.