சிவப்புப் பெட்டி

ஆறுதலா எழுதுங்கோ தம்பி, எனக்கு அவசரம் ஒண்டும் இல்லை.

கரம்பொன் தரும ஆஸ்பத்திரியில இருபத்திரண்டு வருசம் பதிவு வேலை பாத்தனான். அங்க ஓடுற நோயாளர் புரோகிராமும் நான் எழுதினதுதான், ரண்டாயிரத்து மூண்டில. ஒரு மருந்து ஒத்துவராத ஆளின்ர பேரைத் திறந்தா, திரையில சிவப்புப் பெட்டி ஒண்டு வந்து நிக்கும்.

போன மாசியில பழைய கொம்பியூட்டர் செத்துப்போச்சு. புதுசில என்ர புரோகிராம் திறக்கவே மாட்டன் எண்டுது. மூண்டு நாள் மினைக்கெட்டு, பழைய சிஸ்ரத்தில ஓடுற மாதிரி அதை நம்பவைச்சன். ஓடிச்சுது. பேர், வயசு, வருத்தம் எல்லாம் வந்தது. சிவப்புப் பெட்டி மட்டும் வரேல்லை. திருத்த ஏலாது, மூலப் பிரதி இருந்த சீடி பூஞ்சணம் பிடிச்சுப் போட்டுது.

டொக்டர் பிரியவதனி வந்து கேட்டா, "மனோகரி அக்கா, எல்லாம் சரியா வேலை செய்யுதோ? இல்லாட்டிப் புதுசு ஒண்டு எடுப்பம்."

"ஓம், எல்லாம் சரி" எண்டனான்.

எவ்வளவு லேசாப் புதுசு எண்டு சொன்னா. எனக்குக் களைச்சுப்போச்சு தம்பி. இனி முதலிலயிருந்து பழக என்னால ஏலாது.

ஆபத்தான ஆக்கள் முப்பத்தொரு பேர். எல்லாற்ர பேரும் எனக்குப் பாடம். அவை வந்தா, டொக்டர் எழுதின மருந்துத் துண்டைப் பாத்து நானே சொல்லுவன். நாலு மாசம் அப்பிடித்தான் போச்சு.

ஆனியில டொக்டர் என்னைக் கேக்காமலே புது புரோகிராமுக்குச் சொல்லிப்போட்டா. அது வரமுதல், அடுத்த கிழமை, அந்த முப்பத்தொரு பேரில ஒராள், நாரந்தனை இராசநாயகம் அண்ணை கால் புண்ணோட வந்தார்.

"ஏதும் மருந்து ஒத்துவராதோ ஐயா?" எண்டு டொக்டர் கேட்டா.

"எல்லாம் உங்கட கொம்பியூட்டரில கிடக்கு பிள்ளை."

அவ திரையைப் பாத்தா. ஒண்டும் இல்லை. பெனிசிலின் ஊசி எண்டு எழுதினா. துண்டு என்ர கையாலதான் நேர்சிட்டப் போகோணும். நான் வாய் திறக்காட்டி என்ன நடக்கும் எண்டு அவை ஒருக்கா அறியட்டும் எண்டு நினைச்சன். அண்ணை என்னைப் பாத்துச் சிரிச்சார். நானும் சிரிச்சனான். ஊசி போட்டு இருபது நிமிசத்தில ஆள் முடிஞ்சுது.

ஓம், தெரிஞ்சுதான் துண்டைக் குடுத்தனான். அதை அப்பிடியே எழுதுங்கோ, கையெழுத்து வைக்கிறன். புரோகிராமில பிழை எண்டு மட்டும் எழுதிப்போடாதேங்கோ. அது ஒருநாளும் ஒருத்தரையும் சாகவிட்டதில்லை.