உப்பில்லாத் தட்டு

கண்ணாடித் தட்டை நான் மூன்று முறை கழுவுவேன், ஐயா. இரண்டாம் முறை கழுவினேனா என்று சந்தேகம் வந்துவிடும். அதனால் ஆய்வுக்கூடத்தில் எனக்குப் பெயரே 'சந்தேகம்'.

எங்கள் வேலை எளிது. கடலில் மிதந்த மரத்துண்டில் எடுத்த பூஞ்சையை உப்புநீரில் வளர்ப்போம். சாதாரணச் சர்க்கரையை அது குடலின் நல்ல கிருமிகளுக்குத் தீனியாகும் சர்க்கரையாக மாற்றித் தரும். மேலாளர் தினமும் அதில் ஒரு கரண்டி கலக்கிக் குடித்துவிட்டு வயிற்றைத் தட்டிக்கொள்வார்.

"என் குடல்தான்டா நம்ம விளம்பரம்."

பெரிய படிப்பு. பூஞ்சைக்கும் பாசிக்கும் வித்தியாசம் தெரியாது.

எங்கள் பூஞ்சை உப்பில்லாமல் வளராது. அதனால் ஒவ்வொரு குடுவையிலிருந்தும் ஒரு துளியை உப்பில்லாத தட்டிலும் வைத்துப் பார்ப்பேன். மாலை வகுப்பில் கற்றது. ஒரு நாள் ஏழாம் குடுவையின் தட்டில் கறுப்பாக முளைத்திருந்தது. வேறொரு பூஞ்சை புகுந்துவிட்டது. கல்லீரலைக் கெடுக்கும் இனம்.

கூட்டத்தில் சொன்னேன்.

"சந்தேகம், உங்கப்பா உன் அப்பாதானான்னு முதல்ல பாத்துட்டியா?" என்றார் மேலாளர்.

எல்லாரும் சிரித்தார்கள். டீ கொண்டுவந்தவர்கூட.

"குடுவையைக் கொட்டிரட்டுமா சார்?"

"உன் இஷ்டம்பா. ஆளை விடு."

என் இஷ்டம் என்றார். கொட்டவில்லை. அந்தக் கறுப்பைத் தனியாக வளர்த்து, உலர்த்தி, அவருடைய டப்பாவில் மட்டும் கலந்தேன். கடைக்குப் போனதில் ஒரு துகள்கூடக் கலக்கவில்லை. மூன்று முறை சரிபார்த்தேன். அவர் கண்ணின் நிறத்தைத் தினமும் நோட்டில் குறித்தேன்.

பன்னிரண்டாம் நாளிலிருந்து பள்ளி விட்டதும் அவர் மகள் வர ஆரம்பித்தாள். ஏழு வயது. அதே டப்பாவிலிருந்து அவளுக்கும் கலக்கிக் கொடுத்தார்.

"இனிப்பே இல்லையே மாமா" என்றாள் என்னிடம்.

"பழகிடும்மா" என்றேன்.

நிறுத்தலாமா என்று யோசித்தேன். பாதியில் விட்ட சோதனையை யார் மதிப்பார்கள்? அன்று மாலை நோட்டில் கோடு கிழித்து அவளுக்கும் ஒரு கட்டம் சேர்த்தேன். அது முப்பத்தொன்றாம் நாளில் முடிகிறது. சின்ன உடம்பு.

மேலாளர் பிழைத்துவிட்டார். இப்போது பச்சைத் தண்ணீரைக்கூட முகர்ந்து பார்த்துத்தான் குடிக்கிறாராம். நல்ல பழக்கம். முன்பே வந்திருக்கலாம்.

நீங்கள் எழுதிய வாக்குமூலத்தை மூன்று முறை படித்தேன், ஐயா. நாள், அளவு எல்லாம் சரி. 'வேண்டுமென்றே' என்று ஒரு சொல் போட்டிருக்கிறீர்கள். அதில் மட்டும்தான் எனக்குச் சந்தேகம்.