வட்டத்துக்குள் ஒரு பொட்டு

வந்தவள்: தைக்க வேண்டாம்மா. பிரிச்சுக் குடுத்தாப் போதும்.

தையல்காரி: கோட்டு நல்லாத்தானே இருக்கு. எதுக்குப் பிரிக்கணும்?

வந்தவள்: உள் துணி மட்டும்... இந்த இடது பக்கம்.

தையல்காரி: அட, இது யாரு போட்ட தையல்? குடிச்சுட்டு நடந்தவன் மாதிரி போகுது.

வந்தவள்: நான்தான் போட்டேன்.

தையல்காரி: ஐயோ, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்கு வாய்க்கொழுப்பு ஜாஸ்தி. உக்காருங்க. அஞ்சு மணிக்கு நான் ஒரு இடத்துக்குப் போகணும், அதுக்குள்ள முடிச்சுத் தர்றேன்.

வந்தவள்: மனுவைக் குடுக்கத்தானே?

தையல்காரி: ...உங்களுக்கு எப்படித் தெரியும்?

வந்தவள்: ஊரே பேசுது. பொம்பளைங்களுக்கும் ஓட்டு வேணும்னு உங்க அக்கா வீடு வீடா ஏறி வாங்கின கையெழுத்து. மூலையில இருக்கிற அந்தக் கட்டுதானே?

தையல்காரி: அதேதான். அக்கா போய் இன்னையோட முப்பத்தோரு நாளு. அவ தூக்கிட்டு அலைஞ்சதை நான் கொண்டுபோய்ச் சேக்கிறேன்.

வந்தவள்: அந்தச் சாக்குக்கட்டி... அதுவும் அவங்களுதா?

தையல்காரி: துணியில குறி போடுறதும்மா. தையக்கடையில வேற என்ன இருக்கும்?

வந்தவள்: அவங்க கதவுல குறி போடுவாங்கல்ல.

தையல்காரி: போடுவா. கையெழுத்து போட ஆசைதான், ஆனா வீட்டுக்காரரை நெனச்சுப் பயம்னா கதவு நிலையில சின்னதா ஒரு வட்டம். திரும்ப வருவேன்னு அர்த்தம். அந்த ஆளு இல்லாத நேரமாப் பாத்து வந்து மூணு தடவை தட்டுவா. கையெழுத்து வாங்கினதும் வட்டத்துக்குள்ள ஒரு பொட்டு.

வந்தவள்: இப்பவும் வட்டம் வருதாமே.

தையல்காரி: ...யாரு சொன்னா?

வந்தவள்: ரொட்டிக்கடைக்காரி. மத்தியானம் மூணு தடவை தட்டுற சத்தம் கேட்டுச்சாம். தொறந்தா ஆளே இல்லியாம். நிலையில புதுசா ஒரு வட்டம். விழுந்தடிச்சு உன்கிட்ட வந்து கையெழுத்து போட்டாளாமே.

தையல்காரி: அவ மட்டுமா? இந்த ஒரு மாசத்துல நூறு பேருக்கு மேல வந்துட்டாங்க. அக்கா உசுரோட இருந்தப்ப மூஞ்சியில கதவைச் சாத்தினவங்க கூட. செத்தாத்தான் மதிப்பு போல.

வந்தவள்: உனக்குப் பயமா இல்லையா?

தையல்காரி: கூடப் பொறந்தவகிட்ட என்ன பயம்? ஒரே போர்வையில தூங்கினவ.

வந்தவள்: என் வீட்டு நிலையிலயும் இருக்கு.

தையல்காரி: வட்டமா?

வந்தவள்: எட்டு நாளா வட்டம். இன்னைக்குக் காலையில பாத்தா... உள்ள பொட்டு.

தையல்காரி: சும்மா சொல்லாதீங்க. உங்க வீடு எங்க?

வந்தவள்: ஜெயிலுக்குப் பின்னாடி. மதிலுக்குள்ள இருக்கிற குடியிருப்பு.

தையல்காரி: அங்க வெளியாளை விடவே மாட்டாங்களே.

வந்தவள்: மாட்டாங்க. வாசல்ல துப்பாக்கியோட ஆளு நிக்கிறான்.

தையல்காரி: அப்ப நீங்க... இது வார்டர் கோட்டு.

வந்தவள்: பொம்பளை வார்டுல பதினோரு வருஷம்.

தையல்காரி: ஜெயில் முத்திரை போட்ட பித்தானையெல்லாம் வெட்டிட்டுக் கொண்டு வந்திருக்கீங்க. நான் கண்டுபிடிக்கக் கூடாதுன்னு.

வந்தவள்: தெரிஞ்சிருந்தா உள்ள விட்டிருப்பியா?

தையல்காரி: படியேற விட்டிருக்க மாட்டேன். ஜெயிலுக்குள்ள அக்கா செத்தது காய்ச்சல்லன்னு ஒரு காகிதம் குடுத்தாங்க எங்களுக்கு. ஆணி அடிச்ச பெட்டியைக் குடுத்தாங்க. மூஞ்சியைக் கூடப் பாக்க விடல.

வந்தவள்: காய்ச்சல் இல்லம்மா.

தையல்காரி: தெரியும். ஆனா பாத்தவங்க வாயால கேக்கணும். சொல்லுங்க.

வந்தவள்: பட்டினி கிடந்தாங்க. பன்னெண்டாம் நாள் மூக்கு வழியா குழாய் விட்டுப் பாலை ஊத்தினாங்க. மூணாவது தடவை குழாய் தப்பான வழியில போயிடுச்சு. பால் நெஞ்சுக்குள்ள...

தையல்காரி: நீங்க எங்க நின்னீங்க?

வந்தவள்: காலைப் பிடிச்சுக்கிட்டிருந்தேன்.

தையல்காரி: இந்தக் கையாலயா?

வந்தவள்: கத்தரிக்கோலைக் கீழ வைம்மா. இல்ல... கையிலயே வச்சுக்கோ. நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்.

தையல்காரி: யாரு தட்டுறது?

வந்தவள்: உனக்கும் கேட்டுச்சா?

தையல்காரி: மூணு தடவை. இருங்க, பாக்கிறேன்... யாரையும் காணோம். தெருவே வெறிச்சோடிக் கிடக்கு. காத்தா இருக்கும்.

வந்தவள்: காத்து எண்ணித் தட்டுமா?

தையல்காரி: போதும், நிறுத்துங்க. நான் ஒண்ணு சொல்றேன், வெளிய போய்ச் சொன்னாலும் சொல்லிக்கோங்க. ஊருக்குள்ள இருக்கிற வட்டமெல்லாம் நான் போட்டது. இதே சாக்குக்கட்டியிலதான். தட்டிட்டு சந்துக்குள்ள ஓடிருவேன். அவ ஆரம்பிச்சது பாதியில நின்னுடக் கூடாதுன்னுதான். ஆனா உங்க வீட்டுக்கு நான் வரல. இப்பத் தட்டினதும்... நான் உங்க முன்னாடிதானே இருக்கேன்.

வந்தவள்: தெரியும். என் வீட்டு வட்டம் நானே போட்டது.

தையல்காரி: எதுக்கு?

வந்தவள்: ஊர்ல எல்லா வீட்டுக்கும் வர்றாங்களாம், எனக்கு மட்டும் வரல. என்னை மன்னிக்கவே இல்லையோன்னு இருந்துச்சு. வட்டம் போட்டு வச்சா வந்து பாப்பாங்கன்னு... எட்டு நாளும் மத்தியானம் கதவுக்குப் பின்னாலயே உக்காந்திருந்தேன்.

தையல்காரி: அப்ப பொட்டும் நீங்களே வச்சதுதான்.

வந்தவள்: நான் வைக்கல. என் பிள்ளை மேல சத்தியம்.

தையல்காரி: கையெழுத்து போட்டவங்களுக்குத்தான் பொட்டு. இந்தக் கட்டுல இருக்கிற பேரெல்லாம் எனக்கு மனப்பாடம். வார்டர்னு ஒருத்தரும் இல்ல.

வந்தவள்: கோட்டைப் பிரிம்மா. மணி ஆகுது.

தையல்காரி: ...உள்ள என்னமோ காகிதம். ஐயோ, இது அக்கா எழுத்து. தலைப்புல பொம்பளை வார்டுன்னு போட்டிருக்கா. ஜெயிலுக்குள்ளயும் விடலையா அவ?

வந்தவள்: ரொட்டி சுத்தி வந்த தாளு. கைதிங்க பதினாலு பேரும் கையெழுத்து போட்டாங்க. உங்க அக்கா உசுரு போனதும் ரூமைச் சோதிச்சு எல்லாத்தையும் எடுத்துக் குடுக்கச் சொன்னாங்க. இதை மட்டும் குடுக்கல. வேலை போயிடும்னு உன்கிட்டயும் குடுக்கல. ஒரு மாசமா நெஞ்சு மேல வச்சுக்கிட்டு நடக்கிறேன்.

தையல்காரி: பன்னெண்டு... பதிமூணு... பதினாலு. கீழ இன்னொண்ணு இருக்கே. கோணல்மாணலா, இந்தத் தையல் மாதிரியே... இது யாரு?

வந்தவள்: நான்தான். குழாயை உருவிட்டு எல்லாரும் பெரிய டாக்டரைக் கூப்பிட ஓடினாங்க. ரூம்ல நாங்க ரெண்டு பேருதான். அவங்களுக்குப் பேச்சு வரல... தலையணைக்கு அடியில இருந்து தாளை எடுத்து என் பக்கம் தள்ளினாங்க. போட்டேன். பாத்துட்டுத்தான் கண்ணை மூடினாங்க. நான் கையெழுத்து போட்டது அவங்க ஒருத்தருக்குத்தாம்மா தெரியும்.