கடைசித் தெருவின் முறை

சைராகுல்: குதிரை மேல உக்காந்துக்கிட்டு இன்னும் சத்தமா கத்துங்கண்ணே. மலை உச்சியில மேயிற ஆடு நாலுக்குத்தான் இன்னும் கேக்கல.

ஓரோசாலி: அந்த மடைப்பலகை மேலருந்து எந்திரி சைராகுல். மரியாதையா சொல்றேன்.

சைராகுல்: இதுவா மரியாதை? அப்ப மரியாதை இல்லாம சொன்னா எப்படியிருக்கும்னு...

ஓரோசாலி: இன்னிக்கு யார் முறை? உன் முறையா? கடைசித் தெருவோட முறை! பத்தொன்பது வீடு வாளியை வச்சுக்கிட்டு வாய்க்காலையே பாத்துக்கிட்டு நிக்குது. இங்க நீ மடையை அடைச்சு, மொத்தத் தண்ணியையும் உன் பீன்ஸ் வயலுக்குத் திருப்பிட்டு, மேல ஏறி உக்காந்திருக்க!

சைராகுல்: ஆமா, உக்காந்திருக்கேன். வெயில் இதமா இருக்கு.

ஓரோசாலி: இதுக்குப் பேரு திருட்டு.

சைராகுல்: சரி, திருட்டு. எழுதிக்கோங்க.

ஓரோசாலி: என்ன இப்படிப் பட்டுன்னு... இந்தா பாரு, யாருக்கு எப்ப தண்ணின்னு பிரிச்சு விடச் சொல்லி ஊர் கூடி என்னை மிராப்பா வச்சிருக்கு. பதினோரு வருஷம்! ஒருத்தர் என்னை விரல் நீட்டிப் பேசினதில்ல. தண்ணி திருடினா அடுத்த ரெண்டு முறை கிடையாது. பூ விடுற நேரம். உன் வயல் காஞ்சு சருகாயிரும்.

சைராகுல்: தெரியும். பென்சில் இருக்கா, நான் தரட்டுமா?

ஓரோசாலி: புருஷன் ரஷ்யாவுல வேலைக்குப் போனதுலருந்து உனக்கு வாய் நீண்டு போச்சு.

சைராகுல்: அவர் இருந்தப்பவும் இதே நீளம்தான். நீங்க அப்ப அவர்கிட்ட பேசிட்டுப் போயிடுவீங்க, அதான் தெரியல. அது கிடக்கட்டும்... விடியக்காலை தண்ணி என்ன நிறத்துல வந்துச்சுன்னு கேக்க மாட்டீங்களா?

ஓரோசாலி: ...தண்ணிக்கு ஏது நிறம்?

சைராகுல்: வெள்ளை. மோர் மாதிரி.

ஓரோசாலி: மேல மழை பெஞ்சிருக்கும். சுண்ணாம்பு மண்ணு கரைஞ்சு வரும்.

சைராகுல்: சுண்ணாம்புக்கு நுரை கட்டுமா? தொண்டை கமறுமா? யாரோ மருந்தடிக்கிற டிரம்மை வாய்க்காலுக்குள்ளயே கவுத்துக் கழுவியிருக்காங்க. பீன்ஸ் இலையில துருநோய் வந்தா அடிப்போமே, அந்தப் பூஞ்சை மருந்து.

ஓரோசாலி: கழுவியிருப்பான் எவனாவது. முப்பது வருஷமா எல்லாரும்தான் கழுவுறான். ஓடுற தண்ணி, ஓடிப்போச்சு.

சைராகுல்: தண்ணி ஓடிப்போச்சு. மருந்து?

ஓரோசாலி: அதுவும்தான். மூணு நாள் வெயில் பட்டா ஒண்ணும் இருக்காதுன்னு கடைக்காரனே சொன்னான்.

சைராகுல்: விக்கிறவன் வேற என்ன சொல்லுவான்? பெட்டிக்குள்ள ஒரு காகிதம் மடிச்சு வச்சிருப்பானே, அதைப் படிச்சீங்களா?

ஓரோசாலி: எறும்பு ஊர்ற மாதிரி எழுத்து. அதை எவன்...

சைராகுல்: நான் படிச்சேன். முன்னாடி நானும் அதே மருந்தை அடிச்சவதானே. கண்ணாடி போட்டுக்கிட்டு ரெண்டு தடவை படிச்சேன். தண்ணி தெளிஞ்சிரும், மருந்து சேத்துல இறங்கி ஒட்டிக்கும். மண்ணுல பாதி போறதுக்கே நூறு நாள் ஆகுமாம்.

ஓரோசாலி: அப்ப இருநூறு நாள்ல முழுசாப் போயிரும். விட்டுது சனியன்.

சைராகுல்: கணக்கு அப்படி இல்லண்ணே. அடுத்த நூறு நாள்ல மிச்சத்துல பாதி. அதுக்கடுத்து மிஞ்சுற கால் பங்குல பாதி. ஒரு ரொட்டியைப் பாதி பாதியா பிட்டுக்கிட்டே இருந்தா எப்ப தீரும்?

ஓரோசாலி: என் மருமகன் கையில குடு. உக்காந்த இடத்துல தீரும்.

சைராகுல்: சிரிங்க, நல்லா சிரிங்க. பனி விழுந்தா அந்தப் பாதியும் கரையாது. குளிர்ல சும்மா படுத்துக் கிடக்கும். பங்குனியில நீங்க முதல் தண்ணி திறந்து விடும்போது, சேத்தோட சேர்ந்து அதுவும் எந்திரிச்சு வரும்.

ஓரோசாலி: சரி தாயே, நீ பெரிய படிப்பாளி. இப்ப அந்த வெள்ளைத் தண்ணி எங்க? கீழ போகல இல்ல?

சைராகுல்: போகல.

ஓரோசாலி: பின்ன?

சைராகுல்: உங்களுக்குப் பின்னாடிதான் இருக்கு. திரும்பிப் பாருங்க.

ஓரோசாலி: ...உன் வயல்லயா? மொத்தமுமா? அட பாவி மகளே, மூணு வருஷமா ஒரு சொட்டு மருந்து படாம வச்சிருந்தியே! அறுப்புக்கு முன்னாடி மண்ணை எடுத்துச் சோதிக்க வருவாங்க, சுத்தமான வயல்னு பத்திரம் தருவாங்கன்னு ஊரெல்லாம் சொல்லிட்டுத் திரிஞ்சியே!

சைராகுல்: இனிமே முதல்லருந்து எண்ணணும். எண்ணிக்கிறேன். காலையில ஒரு பாட்டம் அழுதாச்சு, இப்ப கண்ணீர் இல்ல. கடைசித் தெருவுல குழாய் கிடையாதுண்ணே. இதைத்தான் குடிக்கிறாங்க.

ஓரோசாலி: அந்த நேரத்துத் தண்ணி தெருவுக்கே போகாதே! விடியறப்ப முறை மாறுது. எட்டு மணி வரைக்கும் யாருக்கும் சொந்தமில்லாம ஓடையில போய் விழும். கழுவினவன் அது தெரிஞ்சுதான் கழுவியிருப்பான். அவன் என்ன முட்டாளா?

சைராகுல்: முறையெல்லாம் விரல் நுனியில வச்சிருக்கிற ஆளு போல.

ஓரோசாலி: நான் பொதுவா சொல்றேன்...

சைராகுல்: போன வெள்ளிக்கிழமை வரைக்கும் நீங்க சொல்ற மாதிரிதான். அந்த விடியக்காலைத் தண்ணியைக் கடைசித் தெருவுக்கு மாத்தி விட்டது யாரு? சொல்லுங்க மிராப் அண்ணே.

ஓரோசாலி: நான்தான்.

சைராகுல்: யாருக்காக?

ஓரோசாலி: ஜிபாருக்காக... கைக்குழந்தையை வச்சுக்கிட்டு எட்டு மணி வரைக்கும் தண்ணிக்குக் காத்துக் கிடக்க முடியலப்பான்னு வந்து நின்னா. பெத்த பொண்ணு. அதான் முறையை... ஐயோ.

சைராகுல்: என்ன ஐயோ?

ஓரோசாலி: ஒண்ணுமில்ல. வெயில்.

சைராகுல்: இந்தாங்க ரொட்டி, எங்க வீட்டு அடுப்புல சுட்டது. இதைத் தொட்டு, “நான் டிரம் கழுவல, பொய்யின்னா ரொட்டி என்னை அடிக்கட்டும்”னு சொல்லுங்க. இப்பவே எந்திரிச்சு பலகையைத் தூக்குறேன்.

ஓரோசாலி: இதுக்கெல்லாம் ரொட்டியை இழுப்பாங்களா?

சைராகுல்: நம்ம ஊர்ல மூணு வயசுப் பிள்ளை கூட சர்க்கரை திருடலன்னு ரொட்டியைத் தொட்டுச் சொல்லுது.

ஓரோசாலி: என் கையில... குதிரை வாடை.

சைராகுல்: கழுவிக்கோங்க. தண்ணிதான் பக்கத்துலயே இருக்கே.

ஓரோசாலி: இந்தா, ரொம்பப் பேசாத! எவனோ ஒருத்தன் கழுவினான்னே வை. அவன் ஊர் நடுவுல நின்னு சொன்னா என்ன ஆகும் தெரியுமா? அடுத்த வசந்தத்துல வேற ஒருத்தனை மிராப்பா வச்சிருவாங்க. கல்யாண வீட்டுல மதிப்பில்லாதவன் மாதிரி வாசப் பக்கம் உக்கார வைப்பாங்க. பதினோரு வருஷம், சைராகுல்!

சைராகுல்: சொல்லாட்டி?

ஓரோசாலி: சொல்லாட்டி... நாலு தடவை தண்ணி ஓடினா சரியாயிரும்.

சைராகுல்: அப்ப நானும் எந்திரிக்கல. மண்வெட்டியோட ஆள் கூட்டிட்டு வாங்க. என்னையும் சேர்த்து வெட்டி எடுத்துட்டுத் தண்ணி விடுங்க. அங்க பாருங்க, யாரோ வாளியோட... உங்க பொண்ணு மாதிரி தெரியுது.

ஓரோசாலி: ஜிபாரா? அவ எதுக்கு இங்க வர்றா?

ஜிபார்: அப்பா! நீங்க இங்கதான் இருக்கீங்களா? வீட்டுல ஒரு சொட்டுத் தண்ணி இல்லப்பா. பிள்ளைக்குப் பால் மாவு கரைக்கணும், கத்துறான்.

ஓரோசாலி: கொஞ்சம் பொறும்மா, அக்காகிட்ட பேசிக்கிட்டு...

சைராகுல்: எதுக்குப் பொறுக்கணும்? மடைக்கு இந்தப் பக்கம் தண்ணி நிறைஞ்சு நிக்குது பாரு ஜிபார். நல்லா தெளிஞ்சிருக்கு. மோந்துக்கோ.

ஜிபார்: மோந்துக்கட்டுமாப்பா?

ஓரோசாலி: வீட்டுல... பக்கத்து வீட்டுல கேட்டுப் பாரேன்.

ஜிபார்: அவங்களும் வாளியோடதான் நிக்கிறாங்க. நகருங்கப்பா, குதிரை மறைக்குது. இதோ...

சைராகுல்: ஆழமா முக்கு. அடியில நல்லா குளிர்ச்சியா இருக்கும்.

ஓரோசாலி: மோக்காத!

ஜிபார்: ஏம்பா?

ஓரோசாலி: மோக்காதன்னா மோக்காத! கொட்டு அதை! கையைத் தொடை... என் துண்டுல தொடை. வாயில வைக்கல இல்ல? பிள்ளைக்குக் குடுக்கல இல்ல?

ஜிபார்: இல்லப்பா. எதுக்கு இப்படிப் பதறுறீங்க?

ஓரோசாலி: அது... மருந்து. டிரம்மைக் கழுவினது நான்தான். ரெண்டு பெட்டி மருந்து, அடியில மிச்சம் இருந்துச்சு. யாருக்கும் போகாத தண்ணின்னு நினைச்சேன். உனக்காக நானே முறையை மாத்தினது அந்த நேரத்துல ஞாபகத்துக்கே வரல, ஜிபார்... சைராகுல், நீ கேட்டது இதுதானே? சொல்லிட்டேன். இப்ப சந்தோஷமா?

சைராகுல்: என் வயலைப் பாருங்க, சந்தோஷம் எங்கருந்து வரும்? ஆனா எந்திரிச்சு நிக்கிறேன். கால் மரத்துப் போச்சு. ஜிபார், நீ சொல்றியா, நான் சொல்லட்டுமா?

ஓரோசாலி: இவ என்ன சொல்லணும்?

ஜிபார்: டிரம் உங்களுதுன்னு எனக்கு முன்னாடியே தெரியும்பா. விடியக்காலை வாளியோட மேல வந்தப்ப, வாய்க்காலுக்குள்ள நின்னு கழுவிட்டு இருந்தீங்க. அப்பான்னு கூப்பிட வாய் வரல. திரும்பி ஓடிவந்து இந்த மடையைப் போட்டது அக்கா இல்ல, நான். அது யார் வயல்ல பாயும்னு கூட யோசிக்கல. அக்கா வந்து பாத்துட்டு என்னை ஒரு வார்த்தை திட்டல, “நீ பிள்ளையைப் பாரு, உங்கப்பா வாயாலயே வரட்டும்”னு சொல்லிட்டுப் பலகை மேல உக்காந்துட்டாங்க. திருட்டுன்னு எழுதணும்னா என் பேரை எழுதுங்க, எங்க வீட்டு முறையைப் பறிங்க, நான் எதுத்துக் கேக்கல. ஆனா முதல்ல குதிரையை விட்டு இறங்கி என்கூட நடந்து வாங்க. பத்தொன்பது வீட்டு வாசல்லயும் நின்னு, இப்ப எங்ககிட்ட சொன்னதை அப்படியே சொல்லுங்க. நீங்க சொல்லாட்டி நான் சொல்லுவேன்.