நூறு வீத பனர்

கதிரையில இருங்கோ பிரின்சிப்பல் சேர். கை முழுக்க மீன் செதில், அதாலதான் எழும்பேல்லை. ஓம், சூடை மீன். மெல்லமாக் கதையுங்கோ, அறையில பிள்ளை நித்திரை.

ஐயோ, மீனுக்குக் கீழ விரிச்சிருக்கிறதைப் பாக்காதேங்கோ! போன வருஷ றிசல்ட் பனர்தான். நூறு வீதம் சித்தி எண்டு பள்ளிக்கூட வாசல்ல கட்டினீங்களே, அது. கழட்டினாப்பிறகு இவர் கொண்டு வந்தவர். நல்ல தடிப்பு, நிலத்தில மீன் மணம் பிடிக்காது. உங்கட முகத்தில ஒருநாளும் வெட்டுறேல்லை சேர், சத்தியமா. வாழ்த்துகிறோம் எண்ட எழுத்திலதான் வெட்டுறனான். செதில் தானாப் பறந்து உங்கட மீசையில விழுந்தா நான் என்ன செய்ய?

இவரோ? வெளியில போயிட்டார். ஃபோனோ... அது தண்ணியில விழுந்திட்டுது சேர், அரிசி வாளிக்குள்ள தாட்டு வச்சிருக்கிறன். இப்ப அடிச்சுப் பாக்காதேங்கோ... ஓம், அரிசிக்குள்ள இருந்துதான் சத்தம் வருது. நல்ல அரிசி போல, கெதியாக் காஞ்சிட்டுது.

தெரியும் சேர், ஓஎல் சோதனை எழுதுற பிள்ளையள், இவர் படிப்பிக்க வருவார் எண்டு வகுப்பில பாத்துக்கொண்டு இருக்கினம். இண்டைக்குப் பௌர்ணமி, போயா லீவுக்குச் சாராயக் கடையே பூட்டு, உங்கட பள்ளிக்கூடந்தான் திறந்திருக்கு. நான் எட்டாம் வகுப்போட நிண்டனான், பெரியாக்களோட கதைக்க வராது. இப்பவும் பயத்திலதான் வாய் ஓடுது. காலமை விசேட வகுப்பு, பின்னேரம் விசேட வகுப்பு, சனி ஞாயிறு செமினார். எல்லாமே விசேடம் எண்டா, சும்மா வகுப்பு எப்பதான் நடக்குது? இவர் நித்திரையில எனக்கே புள்ளி போடுறார். முந்தநாள் முப்பத்திரண்டு. இன்னும் மூண்டு போட்டிருந்தா நானும் பாஸ்.

ஹம்சியோ? அவ மேல்வீட்டுப் பர்ஹாக்காவோட கடற்கரைத் தண்டவாளத்தில கோச்சி போறதைப் பாக்க...

ம்.

பிள்ளை கடற்கரையில எண்டா அறையில ஆர் நித்திரை? கேப்பீங்கள்தானே, நீங்களும் கணக்குச் சேரா இருந்தனீங்கள்.

இவர்தான். நேற்றுப் பின்னேரம் படுத்தவர், இன்னும் எழும்பேல்லை. வெளியால பூட்டினது நான். திறப்பு இந்த மீன் சட்டிக்குக் கீழ.

கோவிக்காதேங்கோ. செவ்வாய்க்கிழமை இவர்தான் ஹம்சியைக் குளிக்க வாத்தவர். பெரிய பேசினுக்குள்ள இருத்தி, பைப்பைத் திறந்து விட்டுட்டு, சுவரில சாஞ்சபடி நித்திரையாப் போயிட்டார். சோறு வடிச்சிட்டு நான் போறன், தண்ணி பிள்ளையின்ட நாடி மட்டும் வந்திட்டுது. ஒண்டரை வயசு, அதுக்கு விளையாட்டு, சிரிச்சுக்கொண்டு இருக்குது. தூக்கித் துடைச்சு, தண்ணியெல்லாம் ஊத்திப்போட்டுத்தான் இவரை எழுப்பினனான். பிள்ளை குளிச்சிட்டா எண்டன். அவ்வளவுதான் இவருக்குத் தெரியும். மிச்சம் தெரிஞ்சா மனிசன் உடைஞ்சுபோயிடும், நீங்களும் சொல்லிப்போடாதேங்கோ...

கேட்டுதோ? எழும்பிட்டார். வாறனப்பா! கதவை உடைக்காதேங்கோ, திறப்பைத் தேடுறன்! சேர், கெதியாச் சொல்லுங்கோ, நான் இப்ப இந்தச் சட்டியைத் தூக்கிறதோ, இல்லாட்டி நீங்கள் இண்டைக்கு ஒருநாள் இவருக்கு லீவு தாறியளோ?