மூன்று தடத்திலும் மெழுகினேன்

சாணி மெழுகுவதில் என்னை அடித்துக்கொள்ளக் கடத்தூர்ப் பக்கம் ஆள் கிடையாது, இன்ஸ்பெக்டர் ஐயா. பெருமைக்குச் சொல்லவில்லை. நான் மெழுகிய தரையில் சோற்றைக் கொட்டி அள்ளிச் சாப்பிடலாம். அதனால்தான் எங்கள் வெள்ளைக்காரச் சாமியார் பள்ளிக்கூடத்துச் சறுக்குமேட்டை இந்த இன்னாசியம்மாள் கையில் ஒப்படைத்தார்.

அவர் ஊரில் மலையெல்லாம் பனியாம். பிள்ளைகள் காலில் பலகை கட்டிக்கொண்டு உச்சியிலிருந்து சர்ரென்று இறங்கிப் பந்தயம் விடுவார்களாம். இங்கே பனிக்கு எங்கே போவது? மனுஷர் கிணறு வெட்டிய மண்ணைக் குவித்துச் சரிவாக்கிவிட்டார். நான் அதை மெழுகி ஈரம் காயாமல் வைப்பேன். பிள்ளைகள் காலில் மூங்கில் பிளாச்சைக் கட்டி, அடியில் விளக்கெண்ணெய் தடவிக்கொண்டு வழுக்கி வருவார்கள். தர்மபுரி தனி ஜில்லா ஆன மறு வருஷம் அக்கம்பக்கத்துப் பள்ளிக்கூடங்களும் போட்டிக்கு வந்தன. அந்தக் கூத்தைப் பார்க்கப் பாப்பிரெட்டிப்பட்டியிலிருந்தெல்லாம் பஸ் ஏறி வந்தார்கள். பட்டாணிக் கடை, ஐஸ் வண்டி எல்லாம் உண்டு. சாணி வாசம்தான் கொஞ்சம் தூக்கல்.

என் மகள் லூர்து மேரிக்கு அதில் பைத்தியம். இடுப்பை வளைத்து அவள் இறங்குகிற அழகுக்கு என் கண்ணே பட்டுவிடும் என்று திரும்பிக்கொள்வேன். இந்த வருஷம் முதலாவதாக வருகிற பிள்ளையைச் சேலத்தில் போர்டிங்கில் சேர்த்துப் படிக்க வைப்பதாகச் சாமியார் பூசையில் அறிவித்தார்.

"செயிச்சா சேலம் போயிருவேம்மா," என்றாள் லூர்து.

"ஏன்டி, நம்ம வூட்டுல உனக்கு என்னடி கொறை?"

"கொறையெல்லாம் இல்லம்மா. லீவுக்கு வருவேன்ல."

அவள் அப்பாவும் பொங்கலுக்கு வருகிறேன் என்றுதான் பெங்களூருக்கு பஸ் ஏறினார். இன்னும் வந்துகொண்டேதான் இருக்கிறார். எனக்கென்று இருப்பது இவள் ஒருத்தி. இவளும் போய்விட்டால் நான் யாருக்குச் சோறாக்குவது? ஆனாலும் போகாதே என்று நான் சொல்லவில்லை. பிள்ளையின் ஆசையை வாயால் தடுப்பது பாவம்.

பந்தயத்துக்கு முதல் நாள் சாயங்காலம் வழக்கம்போல மெழுகப் போனேன். மேட்டின் அடிப்பக்கம், வேகம் நன்றாகப் பிடித்திருக்கும் இடத்தில், கருங்கல் ஜல்லியைப் பதித்தேன். மேலே மெல்லிசாக மெழுகிவிட்டேன். கைப்பக்குவம் அதில்தான் இருக்கிறது. ஈரம் காயாத மெழுகலை எங்கள் ஊரில் யாரும் மிதிக்க மாட்டார்கள், அது ஒரு மரியாதை.

ஒரேயொரு சங்கடம். தடம் மூன்று. யாருக்கு எந்தத் தடம் என்று காலையில்தான் சீட்டுக் குலுக்குவார்கள். ஒன்றில் மட்டும் கல்லை வைத்து, அது துணிக்கடை சர்தார் பாய் மகள் ஷகிலாவுக்கு விழுந்துவிட்டால்? ஊரார் பிள்ளைக்கு மட்டும் கெடுதல் செய்தவள் ஆகிவிடுவேன். யோசித்துப் பார்த்து மூன்றிலும் வைத்தேன். ஓரவஞ்சனை எனக்கு ஆகாது, ஐயா.

காலையில் சாமியார் மேட்டுக்குத் தீர்த்தம் தெளித்து விசில் ஊதினார். பிள்ளைகள் சிரித்துக்கொண்டே இறங்கின. லூர்துதான் முன்னால். "வுடாத லூர்து, வுடாத!" என்று முதலில் கத்தியது நான்தான். பெற்ற மனம் கேட்கவில்லை. பிறகு பிளாச்சுகள் கல்லில் மாட்டி மூன்று பிள்ளைகளும் தூக்கியெறியப்பட்டன. ஷகிலாவுக்குத் தோள்பட்டை. மூன்றாவது தடத்தில் வந்த மாரப்பன் மகனுக்கு முன்பற்கள். என் மகளுக்கு வலது கால்.

மேட்டுக்குத் தண்ணீர் தெளித்த வாட்ச்மேன் மாதுவை இத்தனை நாள் கழித்து நீங்கள் பிடித்து லாக்கப்பில் வைத்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். அவன் அப்பாவி, விட்டுவிடுங்கள். செய்தது நான்தான். அடுத்தவன் என் பழியைச் சுமப்பதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. என்னைக் கூட்டிப்போவதானால் லூர்துவையும் வண்டியில் ஏற்றிக்கொள்ளுங்கள், நான் இல்லாமல் அவளால் இருக்க முடியாது.

வீட்டில் இப்போது சந்தோஷத்துக்குக் குறைவில்லை. நான்தான் தூக்கி உட்கார வைக்கிறேன், களி உருட்டி ஊட்டுகிறேன், தலை பின்னிவிடுகிறேன். பழைய துடுக்குப் பேச்சு போயே போய்விட்டது. எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறாள், அவ்வளவு சமர்த்து. கட்டைப் பிரிக்கிற நாள் தாண்டிவிட்டது, நடக்கப் பழக்காவிட்டால் கால் அப்படியே விறைத்துப்போகும் என்று ஆஸ்பத்திரியிலிருந்து ஆள்மேல் ஆள் அனுப்புகிறார்கள். என்ன அவசரம், ஐயா? அவள் எங்கே போகப்போகிறாள்?